பாடசாலைக் காசைக் கையாளுதல்: புதிதாகப் பொறுப்பேற்கும் அதிபருக்கும் பொருளாளருக்கும்

ஒரு பாடசாலைக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு அதிபரின் மேசைக்கு வருவதே இல்லை. ஆசிரியர் சம்பளம் மாகாணத்திலிருந்து போகிறது. தேசிய பாடசாலையாயின் கல்வி அமைச்சிலிருந்து போகிறது. பாடநூல் 1980 முதல் இலவசம், சீருடை 1993 முதல் இலவசம். இவை எல்லாம் கழிந்தபின், பாடசாலை தானே கூடிப் பேசி முடிவெடுத்துச் செலவழிக்கக்கூடிய ஒரு சிறு தொகை மிஞ்சும். கடதாசி, ரோனர், ஆய்வுகூடப் பொருள், நூலகப் புத்தகம், உடைந்த குழாய், ஒழுகும் கூரை எல்லாம் இந்தத் தொகைக்குள்தான் அடங்க வேண்டும்.

யாழ்ப்பாண மாவட்டத்தின் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய ஐந்து கல்வி வலயங்களிலும் சிறிய பாடசாலைகள் பல. அங்கே கணக்கு எழுதத் தனி எழுதுவினைஞர் இருக்கமாட்டார். கணிதம் படிப்பிக்கிறார் என்பதற்காகவே ஒருவர் பொருளாளர் ஆக்கப்படுவார். அவருக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: கணக்காய்வில் மாட்டுகிறவர்களில் காசை எடுத்தவர்கள் மிகச் சிலர். பொருளை முதலில் வாங்கிவிட்டுப் பத்திரத்தைப் பிறகு தேடியவர்களே மிகுதி. திகதிகள் ஒழுங்காக வரிசைப்பட்டால் பாதிப் பிரச்சினை வராது.

எந்தக் காசு, எந்தக் கணக்கு

பாடசாலைக்கு வரும் காசு பல வாய்க்காலால் வரும். ஒவ்வொன்றுக்கும் தனி விதி.

முதலாவது, தர உள்ளீட்டு நிதி. மாணவர் தொகையையும் வகுப்பு நிலையையும் பாடத்துறையையும் வைத்து அலகுச் செலவாகக் கணக்கிட்டு ஒதுக்கும் இந்த முறை 2000ஆம் ஆண்டளவில் வந்தது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்கு ஒரு வீதம், உயர்தர விஞ்ஞானப் பிள்ளைக்கு இன்னொரு வீதம். கற்றல் கற்பித்தல் சாதனம், நுகர்பொருள், சாதனப் பராமரிப்பு, நூலகம் என்று தலைப்புகள் பிரிந்து வரும். விழாச் சிற்றுண்டியையோ கட்டடத்தையோ இதற்குள் நுழைக்கக்கூடாது.

இரண்டாவது, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கு. அங்கத்துவப் பணம், நன்கொடை, சிற்றுண்டிச்சாலைக் குத்தகை, மண்டப வாடகை எல்லாம் இங்கே சேரும். அதிபர் பதவி வழியாகத் தலைவர். வழமையில் செயலாளர் பெற்றோரிலிருந்தும் பொருளாளர் ஆசிரியரிலிருந்தும் தெரிவாவார்கள். தாராளமாகச் செலவழிக்கக்கூடிய பணம் என்று பலர் நினைப்பதும் இதைத்தான். பொதுக்கூட்டம் ஏற்ற திட்டத்துக்கும் செயற்குழுத் தீர்மானத்துக்கும் வெளியே இதிலிருந்து ஒரு ரூபாயும் போகக்கூடாது.

மூன்றாவது, பிள்ளைகளிடம் அறவிடும் வசதிகள் சேவைகள் கட்டணம். நான்காவது, குறித்த செயற்திட்டத்துக்கு வரும் மானியம். 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் வழியாகவும் பிற்பாடு வந்த திட்டங்களின் வழியாகவும் வந்தவை இந்த வகை. ஐந்தாவது, பழைய மாணவர் சங்கமும் புலம்பெயர்ந்தோரும் தருவது. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஒரு கணக்கில் காசு இல்லை, மற்றக் கணக்கில் கிடக்கிறது, இரண்டு மாதத்துக்கு மாற்றி எடுப்போம் என்ற யோசனை எல்லாப் பாடசாலையிலும் ஒருநாள் வரும். செய்யாதீர்கள். தர உள்ளீடு வரும் என்று நம்பி அபிவிருத்திச் சங்கக் காசில் ரோனர் வாங்கினால், பிறகு அந்தப் பற்றுச்சீட்டின் திகதி தர உள்ளீடு கிடைத்த திகதிக்கு முன்னதாக நிற்கும். அதைச் சரிக்கட்டக் கடைக்காரரிடம் புதுத் திகதியில் பில் கேட்கவேண்டி வரும். பொய்ப் பத்திரம் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

ஒதுக்கீடு வந்துவிட்டது, காசு வரவில்லை

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. வலயத்திலிருந்து "உங்கள் பாடசாலைக்கு இவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது" என்று கடிதம் வரும். அது செலவழிக்கக்கூடிய எல்லை. அந்த எல்லைக்குள் கையில் கிடைக்கும் பணம் கட்டுநிதி. திறைசேரியிலிருந்து மாகாணத்துக்கும் மாகாணத்திலிருந்து வலயத்துக்கும் கட்டுநிதி வந்து சேரப் பிந்தலாம், துண்டு துண்டாக வரலாம், சிலவேளை முழுவதும் வராமலும் போகலாம். அரச நிதியாண்டு சனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. அன்றைக்குச் செலவழிக்காத ஒதுக்கீடு அடுத்த ஆண்டுக்கு வராது.

ஆகவே ஒதுக்கீட்டுக் கடிதம் வந்த வாரமே விலைகோரல் வரை வேலையைக் கொண்டுபோய் நிறுத்தி வையுங்கள். கொள்வனவுக் கட்டளையை மட்டும் கட்டுநிதி உறுதியான பிறகு கொடுங்கள். விலைகோரலில் விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்று கேட்டுவாங்குங்கள். 60 நாளுக்குக் குறைந்தால் மீண்டும் கேட்கவேண்டி வரும். வாங்க வேண்டிய பொருட்களை முன்னுரிமை வரிசையில் எண் போட்டு எழுதி வைத்திருந்தால், பாதிக் காசு வந்தாலும் எண் ஒன்றிலிருந்து இறங்கி வாங்கலாம். அந்த வரிசை இல்லாத பாடசாலைகளில் நவம்பர் மாதம் காசு திடீரென்று வந்ததும், தேவையானது எது என்று பார்க்காமல், கிடைப்பது எது என்று பார்த்து வாங்குவார்கள். அப்படி வாங்கிய சுவர்ப்படங்கள் உறை பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் கிடப்பதைக் காணலாம்.

வரவு செலவுத் திட்டத்தை எப்படித் தயாரிப்பது

அடுத்த ஆண்டுக்கான வேலையை ஒக்டோபரில் தொடங்குங்கள். வரவுப் பக்கத்தில், கடந்த ஆண்டு உண்மையில் கிடைத்ததை மட்டும் எழுதி, அதிலும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக் கொள்ளுங்கள். தருவோம் என்று வாய்ச்சொல்லாகச் சொன்ன நன்கொடை வரவு ஆகாது.

செலவுப் பக்கத்தில் முதலில் தப்பமுடியாதவற்றை எழுதுங்கள்: நீர், மின், இணையக் கட்டணங்களில் பாடசாலை கட்டவேண்டிய பங்கு, துப்புரவுப் பொருள், போட்டோக்கொப்பி இயந்திரச் சேவை, முதலுதவிப் பெட்டி. அதன்பிறகு பத்து வீதத்தைத் திடீர்ச் செலவுக்கு ஒதுக்குங்கள். மிஞ்சுவதைத்தான் பாடங்களுக்குப் பங்கிடவேண்டும்.

பங்கிடும்போது எல்லாப் பாடத்துக்கும் சமமாகக் கொடுப்பது சண்டையைத் தவிர்க்கும் வழி. பிள்ளைகளுக்கு அதனால் பயன் குறைவு. ஒவ்வொரு பகுதித்தலைவரிடமும் ஒரு தாளில் ஐந்து கேள்விக்கு விடை வாங்குங்கள். என்ன பொருள், எந்த வகுப்பில் எந்த அலகுக்கு, எத்தனை, எந்த மாதம் வேண்டும், இல்லாவிட்டால் எதைக்கொண்டு சமாளிப்பீர்கள். கடைசிக் கேள்விக்கு நல்ல விடை இருக்கும் பொருள் அடுத்த ஆண்டுக்குப் போகலாம். மாதத்தைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. ஆய்வுகூடத்துக்கு ஆண்டுக்குத் தேவையான இரசாயனப் பொருட்களை ஒரேயடியாக வாங்கினால், எங்கள் வெக்கையில் ஐதரசன் பரவொட்சைட்டு போன்றவை அலுமாரிக்குள்ளேயே வீரியம் இழந்துவிடும். சோதனைக்குழாயை மொத்தமாக வாங்கலாம், அது கெடாது.

கடதாசிக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பெரும்பாலான பாடசாலைகளில் காசு ஓடும் ஓட்டை அதுதான். 240 பிள்ளைகள் கொண்ட ஒரு பாடசாலையை எடுப்போம். ஒரு பிள்ளைக்கு மாதம் 20 பக்கம் பயிற்சித்தாள் என்றால், மாதம் 4,800 பக்கம். பாடசாலை நடக்கும் ஒன்பது மாதத்துக்கு 43,200 பக்கம். ஒருபக்கம் மட்டும் அச்சிட்டால், ஒரு றீம் 500 தாள் என்பதால், 87 றீம் வேண்டும். இரண்டு பக்கமும் அச்சிட்டால் 44 றீம் போதும். ரோனர் கணக்கு வேறு. சிறிய லேசர் பிறின்டர்களில் போடும் சாதாரண ரோனர் ஒன்று ஏறத்தாழ 2,000 பக்கம் தரும் என்று பெட்டியில் போட்டிருக்கும். அதுவும் பக்கத்தில் ஐந்து வீதம் மட்டுமே மையாக இருந்தால்தான். தேசப்படமும் விலங்குக்கலப் படமும் போட்டால் பாதிக்கும் கீழே இறங்கும். ஐந்து வீதக் கணக்கிலேயே 43,200 பக்கத்துக்கு 22 ரோனர். இரண்டு பக்கமும் அச்சிடுவதால் இது குறையாது.

ஆகவே நன்கொடையாகப் பிறின்டர் தருகிறோம் என்று யாராவது வந்தால், நன்றி சொல்லும் முன் அதன் ரோனர் விலையையும் மீள்நிரப்பும் வசதி யாழ்ப்பாணத்தில் உண்டா என்பதையும் விசாரியுங்கள். ஒரே தாளை நூற்றுக்கணக்கில் எடுக்கும் பெரிய பாடசாலைக்கு, மூலத்தாளிலிருந்து மாஸ்ரர் என்ற அச்சுத்தாளை வெட்டி வேகமாகப் பிரதியெடுக்கும் ரிசோ இயந்திரம் மலிவு. 25 பிள்ளை வகுப்புகள் உள்ள பாடசாலையில் ஒவ்வொரு மூலத்தாளுக்கும் ஒரு மாஸ்ரர் கழிவதால் இலாபம் கரைந்துபோகும்.

வாங்கும் ஒழுங்கு

இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் ஒரு தாள், ஒவ்வொரு தாளிலும் ஒரு திகதி.

1. பாட ஆசிரியர் அல்லது பகுதித்தலைவரின் எழுத்துமூலக் கோரிக்கை.

2. அது வருடாந்தத் திட்டத்தில் எந்த விடயத்தின் கீழ் வருகிறது, எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்ற அதிபரின் குறிப்பு. திட்டத்தில் இல்லாவிட்டால் குழுத் தீர்மானம்.

3. விவரக்குறிப்பு. ஆகப் பலவீனமாக நடக்கும் படி இதுதான். "மல்டிமீடியா புரொஜெக்டர் 1" என்று மட்டும் எழுதி மூன்று கடைக்கு அனுப்பினால், ஒருவர் வெளிச்சம் குறைந்ததற்கு விலை தருவார், இன்னொருவர் திரையையும் சேர்த்துத் தருவார், மூன்றாமவர் உத்தரவாதம் இல்லாததற்குத் தருவார். மூன்றையும் எப்படி ஒப்பிடுவது? குறைந்தது எத்தனை லூமன், எந்த இணைப்பு முனைகள், எத்தனை வருட உத்தரவாதம், பழுதானால் யார் வந்து எடுப்பது என்று எழுதுங்கள். வணிகப்பெயரை எழுதக்கூடாது. எழுதினால் ஒரு கடைக்காகவே கேட்டதாகக் கொள்ளப்படும்.

4. குறைந்தது மூன்று விலைகோரல், மூடிய உறையில், முடிவுத் திகதியும் நேரமும் குறித்து. தீவுப் பகுதிப் பாடசாலைகள் "பாடசாலையில் ஒப்படைக்கும் விலை" என்று கட்டாயம் போடவேண்டும். நெடுந்தீவுக்குப் போகும் பொருள் குறிகாட்டுவானில் படகேறவேண்டும். அனலைதீவு, எழுவைதீவு என்றால் ஊர்காவற்றுறையில். ஏற்றுகூலி, இறக்குகூலி, படகுக் கூலி மூன்றும் பிறகு தனிப் பில்லாக வந்தால் அதற்கு அனுமதி எடுப்பது பெரும்பாடு.

5. உறை திறந்து ஒப்பீட்டு அட்டவணை. வந்திருந்த எல்லோரும் ஒவ்வொரு விலைத்தாளிலும் கையொப்பமிடவேண்டும்.

6. பெறுகைக் குழுவின், அதாவது எதை யாரிடம் வாங்குவது என்று முடிவெடுக்கும் குழுவின், தீர்மானம். மிகக் குறைந்த விலையைத் தெரிவு செய்யாவிட்டால் ஏன் என்று ஒரு வசனமாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். "தரம் குறைவு" போதாது; விவரக்குறிப்பின் எந்த வரியை அந்தப் பொருள் நிறைவு செய்யவில்லை என்று எழுதுங்கள்.

7. கொள்வனவுக் கட்டளை.

8. பொருள் வந்ததும் வாங்கப் போகாத இன்னொருவர் எண்ணிப் பார்த்துக் கையேற்றல். பொருட்பதிவேட்டில் பதிந்து, பக்க எண்ணைப் பில்லின் மேல் எழுதுதல்.

9. கொடுப்பனவு உறுதிச்சீட்டு (வவுச்சர்), காசோலை, கடையின் பற்றுச்சீட்டு.

ஒப்பீட்டில் வரி ஒரு பொறி. பெறுமதி சேர் வரி 2024 சனவரி முதல் 18 வீதம். ஒரு கடை 92,000 ரூபாய் என்று வரி நீங்கலாகப் போட்டு, இன்னொரு கடை 105,000 என்று வரி உட்படப் போட்டால், முதல் பார்வைக்கு முதலாவது மலிவு. வரியைக் கூட்டினால் அது 108,560 ஆகிறது. அட்டவணையில் எல்லா விலையையும் வரி உட்பட எழுதிவிட்டே ஒப்பிடுங்கள். வரி அறவிடும் கடையின் பில்லில் அதன் வரிப் பதிவு இலக்கம் இருக்கவேண்டும். அது இல்லாத கடைக்கு வரி கேட்க உரிமை இல்லை.

பெறுகைக்கான வழிகாட்டலும் மாறியிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் பெறுகை வழிகாட்டிக்குப் பதிலாகப் புதியது 2025 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. குழு எவ்வளவு தொகை வரை தீர்மானிக்கலாம், எதற்கு வலயத்தின் அனுமதி வேண்டும் என்பவை சுற்றுநிருபத்துக்குச் சுற்றுநிருபம் மாறுபவை. பழைய கோப்பில் முன்னைய பொருளாளர் எழுதி வைத்த தொகையைப் பார்த்து நடக்காதீர்கள். நடைமுறையிலுள்ள பிரதியை வலயக் கணக்குக் கிளையில் வாங்கிக் கோப்பின் முதற் தாளாகக் கோர்த்து வையுங்கள்.

உச்சத் தொகைக்குக் கீழே நிற்பதற்காக ஒரு கொள்வனவை இரண்டாக உடைப்பதைக் கணக்காய்வாளர் உடனே கண்டுபிடிப்பார். ஒரே கடை, ஒரே நாள், அடுத்தடுத்த பில் இலக்கம் என்று அது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். மூன்று விலைகோரலையும் ஒரே கடையே "ஒழுங்குபண்ணி" தருவதும் அப்படித்தான். மூன்று கடிதத்தலைப்பிலும் ஒரே சொல் ஒரே மாதிரிப் பிழையாக எழுதப்பட்டிருக்கும்.

கடையில் ஒரு கேள்வி வரும். "பில்லை எவ்வளவுக்குப் போடுறது, ரீச்சர்?" கேட்பவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார் என்று இல்லை, பழக்கம். கொடுத்த தொகைக்குப் போடச் சொல்லுங்கள். பில் பாடசாலையின் பெயருக்கு இருக்கவேண்டும், உங்கள் பெயருக்கோ அதிபரின் பெயருக்கோ வேண்டாம்.

எழுத்து வேலை

காசேட்டை அன்றன்றைக்கே எழுதுங்கள். ஒவ்வொரு வரவுக்கும் பற்றுச்சீட்டு. வந்த காசு முழுவதும் வங்கிக்கு. கையில் வந்த காசிலிருந்து நேரே செலவழித்துவிட்டு மீதியை வைப்பிலிடுவது, தொகை சரியாக இருந்தாலும், பிழை. வங்கிக் கூற்றில் அந்த வரவுக்கு அடையாளமே இல்லாமல் போய்விடும்.

சில்லறைச் செலவுக்கு ஒரு நிலையான தொகையை வைத்துக்கொள்ளுங்கள். அது 5,000 என்றால், கையிலுள்ள காசும் மீளப்பெறாத பில்களும் எந்த நேரத்தில் கூட்டினாலும் 5,000 வரவேண்டும். வராத நாளில்தான் தேடவேண்டும். ஒரு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

இப்போது பல கடைகள் தருவது வெப்பத்தாள் பில். மேசை இலாச்சிக்குள் வைத்தாலே சில மாதத்தில் எழுத்து மங்கி வெறுந்தாள் ஆகிவிடும். கிடைத்த அன்றே போட்டோக்கொப்பி எடுத்து, மூலத்தையும் பிரதியையும் சேர்த்து உறுதிச்சீட்டில் இணையுங்கள். பசை பூசி ஒட்டினாலும் எழுத்துக் கெட்டுப்போகும், கிளிப் போடுங்கள். கோப்புகளை நிலத்திலோ சுவரோடு சேர்த்தோ அடுக்காதீர்கள். மழைக்குப் பிறகு கறையான் ஒரு வாரத்துக்குள் மூன்று ஆண்டுக் கணக்கைத் தின்றுவிடும். கறையான் அரித்தது என்ற விளக்கத்தைக் கணக்காய்வு ஏற்றுக்கொள்வது அரிது.

காசோலையில் இரண்டு கையொப்பம் என்பது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதற்காக. வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையொப்பம் இட்டுக் கொடுப்பது, "நான் நாளைக்கு லீவு" என்ற காரணத்துக்காகக்கூட, கூடாது.

மாத முடிவில் வங்கிக் கணக்கிணக்கம், அதாவது காசேட்டு மீதியையும் வங்கிக் கூற்று மீதியையும் ஒப்பிட்டுச் சரிபார்த்தல். பலர் பயப்படும் இந்த வேலை கால் மணித்தியாலம்தான். வங்கிக் கூற்றில் மீதி 184,500 என்று வைப்போம். நீங்கள் எழுதிக்கொடுத்து இன்னும் மாற்றப்படாத காசோலை 22,300. கடைசி நாள் வைப்பிலிட்டு இன்னும் கூற்றில் ஏறாதது 5,000. 184,500இலிருந்து 22,300ஐக் கழித்து 5,000ஐக் கூட்டினால் 167,200. காசேட்டு மீதி 167,450 என்று இருக்கிறது. வித்தியாசம் 250. கூற்றைப் பார்த்தால் காசோலைப் புத்தகத்துக்கு வங்கி கழித்த 250 ரூபாய் நீங்கள் காசேட்டில் பதியாமல் நிற்கும். பதிந்ததும் இரண்டும் ஒன்றாகும். எழுதி ஆறு மாதமாகியும் மாற்றப்படாத காசோலை செல்லாது. அந்தத் தொகையை மீண்டும் வரவில் எடுத்து, கடைக்காரருக்குத் தெரியப்படுத்துங்கள்.

திருத்தவேலையும் மழையும்

வடக்கில் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கும். ஆகவே கூரை வேலைக்கான மதிப்பீடு மார்ச்சில், கட்டளை யூனில், முடிவு செப்டெம்பர் நடுப்பகுதியில். இரண்டாம் தவணை விடுமுறை பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாக் காலத்தை ஒட்டி வரும். வகுப்பறைகள் வெறுமையாக இருக்கும் அந்த நாட்களில் ஓட்டு வேலையைச் செய்யலாம். தொழிலாளியை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

எங்கள் கிணற்றுநீர் சுண்ணக்கல்லின் வழி வருவது. குழாய் முனைகளிலும் தாங்கி மிதவையிலும் சுண்ணாம்பு படிந்து இறுகும். விலை கூடிய நாகரிகக் குழாயை மலசலகூடத்தில் பூட்டினால் உள்ளே கல் பிடித்து விரைவில் பழுதாகும். எளிதில் கழற்றித் துப்புரவாக்கக்கூடியதைப் பூட்டி, மாற்று முனைகள் சிலவற்றைக் களஞ்சியத்தில் வையுங்கள். கடலோரத்திலும் தீவுகளிலும் உப்புக்காற்றுக்கு இரும்பு அலுமாரி நின்று பிடிக்காது. அங்கே மர அலுமாரி விலை கூடினாலும் கடைசியில் மலிவு.

மேசனோ நிறப்பூச்சுக்காரரோ தரும் அளவை நீங்களே ஒருதரம் பெருக்கிப் பாருங்கள். 25 அடிக்கு 20 அடி வகுப்பறை, சுவர் 10 அடி உயரம். சுற்றளவு 90 அடி, சுவர்ப் பரப்பு 900 சதுர அடி. கதவு, யன்னலுக்கு 200 கழித்தால் 700. இரண்டு பூச்சுக்கு 1,400 சதுர அடி. எமல்சன் ஒரு லீற்றர் 100 முதல் 120 சதுர அடி வரை செல்லும். ஆக 12 முதல் 14 லீற்றர். அந்த அறைக்கு 20 லீற்றர் வாளி இரண்டு என்று மதிப்பீடு வந்தால் ஏன் என்று கேட்க உங்களிடம் கணக்கு இருக்கும். சுவரின் உப்புப் பூத்தலைச் சுரண்டிக் கழுவாமல் மேலே பூசினால் எத்தனை லீற்றர் பூசியும் அடுத்த மழைக்கு உரிந்துவிடும்.

நன்கொடை

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளுக்கு இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் பழைய மாணவர் உதவி சில இடங்களில் அரச ஒதுக்கீட்டிலும் பெரியது. அதற்கு நான்கு பத்திரம் வேண்டும்: என்ன நோக்கத்துக்கு என்று நன்கொடையாளர் எழுதிய கடிதம், ஏற்றுக்கொண்ட செயற்குழுத் தீர்மானம், பற்றுச்சீட்டு, முடிந்ததும் செலவறிக்கை. காசு சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே வரவேண்டும். "அண்ணை, என்ர கணக்குக்கே போடுங்கோ, கெதியா எடுக்கலாம்" என்று எந்த ஆசிரியரும் சொல்லக்கூடாது. நல்ல மனத்தோடு சொன்னாலும், ஒரு வருடம் கழித்து அதை நிரூபிக்க வழியில்லை.

பொருளாக வந்தாலும் பதிவு உண்டு. மதிப்பிட்ட பெறுமதியோடு பொருட்பதிவேட்டில் ஏற்றி, "நன்கொடை" என்று குறிப்பிடுங்கள். கட்டடம் கட்டித் தருகிறோம் என்றால் அத்திவாரம் வெட்டும் முன் வலயத்தின் எழுத்துமூல அனுமதியும் தொழினுட்ப உத்தியோகத்தர் பார்த்த வரைபடமும் வேண்டும். காணி பாடசாலையின் பெயரில் உள்ளதா, எல்லை எது என்பதையும் அப்போதே பாருங்கள்.

ஸ்மார்ட் போர்ட் தருகிறவர்கள் அதிகம், மலசலகூடக் கதவு தருகிறவர்கள் குறைவு. பெயர்ப்பலகை அடிக்கத் தோதான பொருளைத்தான் மனம் தேடும். யாரையும் குறை சொல்வதற்கில்லை. பாடசாலையின் முன்னுரிமைப் பட்டியலை ஒரு பக்கத்தில் விலையோடு அச்சிட்டு வைத்திருந்து, வருகிறவரிடம் முதலில் அதைக் கொடுத்தால் பலர் அதிலிருந்தே தெரிவு செய்வார்கள்.

பெற்றோரிடம் வகுப்பு வகுப்பாகக் காசு சேர்ப்பது வேறு விடயம். திரைச்சீலைக்கு, மின்விசிறிக்கு, ஆசிரியர் தினத்துக்கு என்று வகுப்பாசிரியர் கொப்பியில் பெயர் எழுதிச் சேர்க்கும் காசுக்குப் பற்றுச்சீட்டு இல்லை, கணக்கு இல்லை. தராத பிள்ளையின் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சேர்க்கத்தான் வேண்டுமென்றால் சுற்றுநிருபம் அனுமதிக்கிறதா என்று பார்த்து, சங்கத்தின் தீர்மானத்தோடு, சங்கத்தின் பற்றுச்சீட்டில், விரும்பியவரிடம் மட்டும்.

ஆண்டு முடிவு

டிசம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு அரச காசில் புதுக் கட்டளை கொடுக்காதீர்கள். பொருள் சனவரியில் வந்து, கொடுப்பனவு டிசம்பரில் காட்டப்பட்டிருந்தால், வராத பொருளுக்குக் கையேற்றல் எழுதியதாக ஆகும்.

அரச நிதி விதித்தொகுப்பான நிதிப்பிரமாணம் 756இன்படி ஆண்டுதோறும் பொருட் கணிப்பு நடக்கவேண்டும். வெளியிலிருந்து நியமிக்கப்படும் குழு வந்து பதிவேட்டையும் பொருளையும் ஒப்பிடும். உடைந்த கதிரையை இடம் அடைக்கிறது என்று எரித்துவிட்டால், பதிவேட்டில் 120, கையில் 113 என்று நிற்கும். உடைந்தவற்றை ஒரு மூலையில் அடுக்கி வையுங்கள். குழு பார்த்துக் கழிக்கப் பரிந்துரைத்து, அனுமதி வந்தபிறகே அகற்றலாம். கதிரை, மேசையில் பாடசாலைச் சுருக்கமும் ஆண்டும் தொடர் எண்ணும் பூச்சால் எழுதியிருந்தால் எண்ணும் வேலை அரைநாளில் முடியும். களவு போனது இந்தக் கணக்கில் வராது. அதற்கு உடனே பொலிஸ் முறைப்பாடும் நிதிப்பிரமாணம் 104இன்படி விசாரணையும் வேண்டும்.

கணக்காய்வு ஐயவினா வந்தால் கோபத்தோடு நீண்ட விளக்கம் எழுதத் தேவையில்லை. கேட்டதற்கு மட்டும், பத்திரப் பிரதியோடு, குறித்த நாளுக்குள் பதில் அனுப்புங்கள். பத்திரம் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். பின்திகதி போட்டு ஒன்றைத் தயாரித்தால் சிறிய குறை பெரிய குற்றமாகும்.

பொருளாளர் மாறும்போது காசேடு, பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் பயன்படுத்தாத இலக்கங்கள், மீதிக் காசோலைகள், கணக்கிணக்கக் கூற்று, திறப்புகள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு இருவரும் அதிபரும் கையொப்பமிடுங்கள். வங்கியில் கையொப்பம் மாற்றத் தீர்மானம் எழுதிய கூட்டறிக்கையின் உறுதிப்படுத்திய பிரதியும் புதியவரின் அடையாள அட்டையும் கேட்பார்கள். அது முடியும்வரை கணக்கிலிருந்து காசோலை போகாது. ஆகவே அந்த வாரத்தில் வரவிருக்கும் கொடுப்பனவுகளைப் பழையவர் கையொப்பத்தோடு முன்னரே தீர்த்துவிடுங்கள்.